இருபத்து மூன்றாம் பக்கம்

கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு எதிரே ஒரு மடக்கு மேசையும் ஸ்டூலும் போட்டு உட்கார்ந்திருப்பேன். தொண்ணூறுகளில் அதுதான் என் பிழைப்பு. மனு எழுதிக் கொடுப்பது. பட்டா மாற்ற, நின்று போன முதியோர் பென்ஷனைக் கேட்க, தெருக்குழாயில் தண்ணீர் வராததைச் சொல்ல என்று ஆட்கள் வருவார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஒன்பதில் இங்கிலீஷ் வாத்தியார் கேள்வி கேட்பாரே என்று பயந்து நாலு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. நாலு நாள் போகாததற்கு அடி விழுமே என்று பயந்து மேலும் பத்து நாள் போகவில்லை. அப்படியே நின்றுவிட்டது. கையெழுத்து மட்டும் நன்றாக இருந்தது.

மனுவில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. வருகிறவர் அழுதுகொண்டோ கத்திக்கொண்டோ வருவார். "அந்தத் தாசில்தார் வெளங்கவே மாட்டான்னு எழுதும்வே" என்பார். நான் 'தாங்கள் கருணை கூர்ந்து' என்று எழுதுவேன். வாசிக்கிற அதிகாரி முகம் சுளிக்கிற மாதிரி ஒரு சொல் இருந்தாலும் மனு செத்துப் போகும். அதனால் கோபத்தை உருவி எடுத்துவிட்டு மிச்சத்தை எழுத வேண்டும். பத்து வருஷமாகச் செய்து கை அதற்கே பழகிவிட்டது. பின்னால் நான் செய்த காரியத்துக்கு இதைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிட்டவர் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் கிளார்க். தெருவிளக்கு மனுவுக்காக வந்தவர், நான் எழுதி முடித்த தாளை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இம்புட்டு அழகா எழுதுதீரு. இந்த வெயில்ல உக்காந்து தாசில்தாருக்கா எழுதுதீரு?"

"வேற யாருக்கு எழுத, அண்ணாச்சி?"

"சாயந்தரம் பாளையங்கோட்டைக்கு வாரும். காட்டுதேன்."

அவர் காட்டியது மூடிப்போன ஓர் அச்சகத்தின் மாடி. எழுபது இரும்பு நாற்காலி போடலாம். எதிர்ப்பக்கம் ஒரு முழ உயரத்துக்குப் பலகை அடித்திருந்தார்கள், அதுதான் மேடை. ஏறி வருகிற மரப்படி ஒவ்வொன்றும் முனகும். நாடகத்தின் நடுவில் யாராவது தாமதமாக வந்தால், நடிக்கிறவர்கள் வசனத்தை நிறுத்தி அவர் ஏறி முடிக்கட்டும் என்று காத்திருப்பார்கள். அண்ணாச்சி போட்டதெல்லாம் வெளிநாட்டு நாடகங்கள். ராத்திரி ராத்திரியாக இங்கிலீஷில் வாசித்து, ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தமிழில் சொல்லுவார். நான் கார்பன் வைத்து எழுதுவேன். ஒத்திகையில் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்காவது வசனம் மறந்தால் பக்கவாட்டிலிருந்து முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பதும் என் வேலையாயிற்று.

பார்க்க நாற்பது பேர் வந்தால் பெரிய கூட்டம். அதில் பாதி நடிப்பவர்களின் சொந்தக்காரர்கள். ஒரு நாடகம் முடிந்து இறங்கும்போது ஒரு பெரியவர் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஆருக்கு என்ன வேணும்னு கடைசி வரைக்கும் ஒருத்தனும் வாயத் தொறந்து சொல்லலியேவே?"

"அதான் நாடகம், பெரியவரே."

"அதுவா? அது எங்க வீட்லயே தெனமும் நடக்குதே."

குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்குத்தான் நல்ல வேஷம். ஒருவருக்கு ஒரு முறை. அடுத்த நாடகத்தில் அவர் நாற்காலி போட வேண்டும், இல்லையென்றால் டிக்கெட் கிழிக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் அண்ணாச்சி தன் தம்பிக்குக்கூட விலக்குக் கொடுத்ததில்லை.

அந்த வருஷம் முறை வந்தது ஒரு பெண்ணுக்கு. ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் வாழைத் தோட்டத்தில் கூலி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஜங்ஷனில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்கு இருந்தாள். வயசானவர்கள் வந்து போனில் பேசத் தெரியாமல் விழித்தால் ரிசீவரைத் தானே வாங்கிக்கொள்வாள். "ஒங்கம்மா சொல்லுதாவ, துட்டு ஒண்ணும் வேண்டாமாம், நீ ஒரு எட்டு வந்து மொகத்தக் காட்டிட்டுப் போவியாம்" என்று பம்பாய்க்குச் சொல்லுவாள். சொல்லும்போது அந்தக் கிழவியின் குரல் அப்படியே வரும். வரிசையில் நின்று அதைக் கேட்ட அண்ணாச்சி தான் பேச வந்த போனை மறந்துவிட்டு, "நீ நாடகத்துல நடிப்பியா தாயி?" என்று கேட்டாராம். "சம்பளம் உண்டுமா?" என்று கேட்டாளாம். "கெடையாது." "அப்ப நெசமாவே நாடகந்தான்" என்றாளாம்.

எடுத்துக்கொண்டது ஒரு குளிர் தேசத்து நாடகம். எல்லைப்புறத்தில் ஓர் அதிகாரியின் வீடு. வெளியே ஓயாமல் பனி. அவளுக்கு அந்த வீட்டுச் சமையல்காரி வேஷம். இருபத்திரண்டு பக்கம் வரைக்கும் விறகு கொண்டு வருவாள், தட்டு வைப்பாள், "சரிங்க ஐயா" என்பாள், போவாள். இருபத்து மூன்றாம் பக்கம் முழுக்க அவளுடையது. தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நிற்பாள். பிறகு சொல்லுவாள்:

'உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும், ஐயா. மளிகைச் சீட்டில் தினமும் பார்க்கிறேன். கடைசி எழுத்தின் வாலை மேலே சுழிப்பீர்கள். சிறைக் கொட்டடியில் என் மகன் தானாகவே விழுந்து செத்தான் என்று வந்த காகிதத்திலும் அந்த வால் இருந்தது. அதைப் பார்த்த பிறகும் ஆறு வருஷம் உங்களுக்குச் சோறாக்கிப் போட்டேன். இன்றைக்கு உப்புச் சரியாக இருக்கிறதா, ஐயா?'

இப்படியே பக்கம் முடிகிற வரைக்கும் போகும். ஒத்திகையில் முதல் தடவை அதை அவள் பேசியபோது, பின்னால் ஆணி அடித்துக்கொண்டிருந்தவர் சுத்தியலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். அவள் கத்தவில்லை, அழவில்லை. பூத்தில் யாரோ ஒரு கிழவிக்காகப் பேசுவதுபோல, நம்பர் சரிதானா என்று கேட்கிற மாதிரி பேசினாள்.

வெளியூரில் ஒரு நாடகப் பள்ளி இருந்தது. வருஷத்துக்கு நாலைந்து பேரைத்தான் எடுப்பார்கள். தங்க இடமும் மாதம் கொஞ்சம் உதவித்தொகையும் உண்டு. அங்குள்ள பேராசிரியர் ஒருவர் ஆனி மாதம் இந்தப் பக்கம் வருவதாகவும், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் நாடகம் பார்க்க முடியும் என்றும் அண்ணாச்சிக்கு எழுதியிருந்தார். அந்த ஞாயிறையே அண்ணாச்சி வைத்துக்கொண்டார்.

"அந்த ஒரு பக்கம் போதும் ஒனக்கு" என்று அவளிடம் சொன்னார்.

அவளுடைய அண்ணன் கங்கைகொண்டான் பக்கம் ஒரு நூல் மில்லில் பிட்டர். தங்கைக்கும் அங்கே வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். நாடகத்துப் பனிக்காக அவன் மில்லிலிருந்துதான் ஒரு மூட்டை கழிவுப் பஞ்சு வந்தது. அதை அண்ணனிடம் 'தலையணைக்கு' என்று சொல்லி வாங்கியிருந்தாள்.

"ஆனி முடியட்டும்னு அண்ணங்கிட்ட சொல்லியிருக்கேன்" என்றாள் என்னிடம். "வாத்தியாரு எடுத்தாருன்னா பள்ளிக்கூடம். எடுக்கலன்னா மில்லு. எடுப்பாருல்லாண்ணே?"

"எடுப்பாரும்மா" என்றேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எடுக்காவிட்டால் நான் சொன்னது பொய்யாகிவிடுமே என்று.

அப்போதெல்லாம் நாடகம் போடுவதற்கு முன்னால் கைப்பிரதி இரண்டைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். ஒன்றை அவர்கள் வைத்துக்கொண்டு ஒன்றைத் திருப்பித் தருவார்கள். எப்போதும் அண்ணாச்சிதான் போவார். அந்தத் தடவை அவர் ஆபீசில் ஆடிட்.

"நீரே குடுத்துட்டு வந்திரும். ஆபீசு உமக்குப் புதுசா?" என்றார்.

ஆபீஸ் எனக்குப் புதிதில்லை. ஸ்டேஷன் புதிது. அந்தக் கோடையில் ஏதோ ஓர் ஊரில் லாக்கப்பில் ஒருத்தன் செத்து, ரோட்டில் மறியல் நடந்து, எல்லார் வாயிலும் அதே பேச்சாகக் கிடந்தது. நான் போன நேரம் உள்ளே யாரோ அதிகாரி போனில் கத்திக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து, கத்தல் கேட்கும்போதெல்லாம் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் வேப்பமரத்தடியில் நின்று, கடைசியாக ஒரு தடவை பிரதியைப் புரட்டினேன். மனு கொடுக்கப் போகும்முன் அப்படிப் புரட்டுவது என் வழக்கம். வாங்கப்போகிற அதிகாரியின் கண்ணால் வாசித்துப் பார்ப்பேன்.

இருபத்து மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் புரட்டுவதை நிறுத்தினேன். கொட்டடி. தானாகவே விழுந்து செத்தான். கையெழுத்து. இதை இந்த வாசலில் கொண்டுபோய் நானே நீட்டவா? 'யாருலே எழுதுனது?' என்று கேட்டால், முழுக்க என் கையெழுத்து. நாடகத்தையே நிறுத்திவிடுவார்கள். அண்ணாச்சிக்கு வேலை போகும். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். எல்லாம் ஒரு நிமிஷத்தில் என் மண்டைக்குள் நடந்து முடிந்தது.

இரண்டு பிரதியிலிருந்தும் அந்தத் தாளை உருவினேன். நாலாக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டேன். அனுமதி வந்த பிறகு சொருகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பக்க எண்களை மாற்றவில்லை. மாற்றினால் அடித்தல் திருத்தல் ஆகும், அடித்தல் திருத்தல் உள்ளதை எந்த ஆபீசிலும் வாங்க மாட்டார்கள்.

ரைட்டர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நாடகமா? வச்சிட்டுப் போரும்."

மூன்று வாரம் கழித்து அண்ணாச்சிதான் போய் வாங்கி வந்தார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தி, ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டிருப்பார்கள் என்று. முத்திரை விழுந்த பக்கத்தை மட்டும்தான் மேடையில் பேசலாம். கடைசித் தாளில் அப்படியே எழுதியிருந்தது.

"உருவிட்டானுவளே!" அண்ணாச்சி பிரதியைத் தூக்கிக் காட்டினார். "பாத்தீராவே, இருபத்தி ரெண்டு, அடுத்து இருபத்தி நாலு! எதத் தொட்டா சுடும்னு கரெக்டாத் தெரிஞ்சிருக்கு பாத்தீரா!"

அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. அதைவிடச் சந்தோஷம் கூடுதலாக இருந்தது. பத்து வருஷமாக நாடகம் போட்டு யாருமே பயப்படாதிருந்த மனுஷன்.

"அண்ணாச்சி, ஒருவேள..."

"ஒருவேள என்னவே? எண்ணித்தான குடுத்தீரு?"

"எண்ணித்தான் குடுத்தேன்." உருவியது போக நாற்பது பக்கம். எண்ணித்தான் கொடுத்தேன்.

அவள் பிரதியை வாங்கி இருபத்திரண்டையும் இருபத்து நாலையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

நாடகத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, யாருக்கும் சொல்லாமல் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். விட்டுப்போச்சு, முத்திரை போட்டுத் தாருங்கள் என்று காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்று முடிவு. பாராவுக்கு நின்ற போலீஸ்காரர் மட்டும்தான் இருந்தார்.

"எல்லாரும் டவுன்ல தேர் பந்தோபஸ்துக்குப் போயாச்சு. ரைட்டரும் போயாச்சு."

"ஒரே ஒரு முத்திரை, ஐயா."

"முத்திரைய நான் குத்தினா எனக்குக் குத்திருவாவ. திங்கக்கெழம வா."

"ஞாயித்துக்கெழம நாடகம்."

"தேரோட்டத்து வாரத்துல ஆருவே நாடகம் வைக்கச் சொன்னது?"

நெல்லையப்பர் தேர் ஆனியில் ஓடும் என்பது இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எங்களுக்குப் பேராசிரியர் வருகிற தேதி மட்டும்தான் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை கடைசி ஒத்திகை. இருபத்திரண்டாம் பக்கம் முடிந்ததும் அவள் நின்றாள்.

"அண்ணாச்சி, நான் அதச் சொல்லிருதேன். என்ன பண்ணிருவாவ?"

"நாடகத்த நிறுத்திருவான்."

"சொன்ன பெறவு நிறுத்தட்டும். எனக்கு அது போதும்."

"ஒனக்குப் போதும். மத்த எட்டுப் பேருக்கு? மேல போட முடியாமலே ஆக்கிருவான் தாயி." அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "நீரு ஆபீசு நெளிவுசுளிவு தெரிஞ்ச ஆளு. சொல்லும்வே, முத்திரை இல்லாதத மேடையில பேசினா என்ன ஆவும்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். போலீஸ் அதை வாசிக்கவே இல்லை, உருவியது நான், பயப்பட ஒன்றுமில்லை என்று. ஆனால் பயப்பட ஒன்றுமில்லை என்பதை நான் எப்படிச் சொல்ல முடியும்? வாழ்க்கையில் ஒரு நாளும் எனக்கு அப்படித் தோன்றியதில்லையே.

"கேஸ் ஆயிரும்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் வந்தார். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, மடியில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டார். முதல் வரிசையில் ஸ்டேஷனிலிருந்து ஓர் ஏட்டு வந்து உட்கார்ந்தார். அவர் மடியில் எங்கள் பிரதி. தேர் பந்தோபஸ்தில் நின்ற காலை நீட்டக்கூட இடமில்லாமல், விரலை வரி மேல் வைத்துக்கொண்டு நாடகத்தோடேயே வாசித்து வந்தார். வெளியே தென்மேற்குக் காற்று நன்றாக வீசியது. உள்ளே கம்பளியும் குரங்குக் குல்லாயும் போட்டு எங்கள் ஆட்கள் குளிரில் நடுங்குவதாக வேர்த்துக்கொண்டிருந்தார்கள். மேலேயிருந்து பஞ்சு தூவியபோது மூன்றாவது வரிசையில் ஒரு குழந்தை தும்மியது. அதைக் கேட்டு அதிகாரி வேஷக்காரரும் தும்மினார். சிரிப்பு எழுந்து அடங்கியது.

இருபத்திரண்டாம் பக்கம் முடிந்தது. அவள் தட்டை அதிகாரி முன்னால் வைத்தாள். ஒத்திகையில் முடிவு செய்தபடி உடனே திரும்பி நடக்க வேண்டும். அவள் திரும்பவில்லை. நான் இருந்த பக்கவாட்டுத் திரையைப் பார்த்தாள். வசனம் மறந்தவர்கள் பார்க்கிற பார்வை அது. ஆனால் அவளுக்கு மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தால், அவள் பேசினாள் என்று ஆகாது, எடுத்துக் கொடுத்தவன் தப்பு என்று ஆகிவிடும். அதைத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன். 'உங்கள்' என்று ஒரு சொல். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஏட்டின் விரல் தாளின் கடைசி வரியில் நிற்பது எனக்குத் திரைச்சந்து வழியாகத் தெரிந்தது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது அந்த இடத்தில் இல்லாத வசனம். ஏட்டு கண்டுகொள்ளவில்லை.

நாடகம் முடிந்ததும் பேராசிரியர், அதிகாரியாக நடித்தவரைக் கூப்பிட்டு விலாசம் வாங்கிக்கொண்டார். சமையல்காரியைப் பற்றி அண்ணாச்சி ஏதோ சொல்லத் தொடங்கினார். "ஆமா, நல்ல பொண்ணு, மேடையில கூச்சமில்லாம நடக்குறாங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அண்ணாச்சி பேசிக்கொண்டே கூட இறங்கினார். மேலே நானும் அவளும் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தோம். ஏட்டு மட்டும் எழுந்திருக்காமல் பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"எம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றார். "நான்தான் இத முழுசா வாசிச்சு முத்திரை குத்தினவன். ரெண்டு தடவ வாசிச்சேன். நல்லாருந்துச்சு. ஆனா இந்தச் சமையக்காரி ஆறு வருசமா ஒரு வார்த்த சொல்லாம இருந்துட்டு, கடைசியிலயும் சொல்லாமயே போயிருதாளே. எனக்கு அது ஆறவே இல்ல. இங்கன பாரு, இருபத்தி ரெண்டுக்கு அடுத்து இருபத்தி நாலு இருக்கு. ஒரு பக்கம் விட்டுப்போச்சோ?"

"நீங்க உருவலியா?" என்றாள்.

"நாங்க எங்க உருவினோம்? வந்ததே இப்படித்தான். வெட்டணும்னா செவப்பு மையில அடிப்போம், தாள உருவ மாட்டோம் தாயி. அது ரெக்கார்டுல்லா?"

அவர் இறங்கிப் போகிற வரைக்கும் படிகள் முனகிக்கொண்டே இருந்தன. அவள் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள்.

"நீங்கதான கொண்டு போனீங்கண்ணே?"

"ஆமா."

"வழியில எங்கயும் விழுந்துட்டோ?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அவ்வளவு இடம் கொடுத்துத்தான் கேட்டாள். நான் உள்பையிலிருந்து அந்த இரண்டு தாளையும் எடுத்து நீட்டினேன். வேர்வையில் நனைந்து மடிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"பயந்துட்டீங்களா?"

"ஆமா."

"எனக்காவயா, ஒங்களுக்காவயா?"

பதில் தெரிந்திருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அவள் அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. போலீஸ் பக்கத்தை உருவிய கதையை அண்ணாச்சி ஊரெல்லாம் சொன்னார். ஒரு சிறுபத்திரிகையில் கட்டுரைகூட எழுதினார். அதற்கும் கைப்பிரதி எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

நாடகம் முடிந்து மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள். என் மேசைக்கு முன்னால் பதினைந்து பேர் வரிசை. அதில் அவளும் நின்றாள். முன்னால் வரச் சொன்னேன். வரவில்லை. முறை வந்ததும் எதிரே உட்கார்ந்தாள்.

"மனு எழுதணும்ணே. அந்த வாத்தியாருக்கு."

என் முகத்தைப் பார்க்காமல் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். தனக்கு அந்த நாடகத்தில் ஒரு பக்கம் வசனம் இருந்தது. அதைப் பேச முடியாமல் போனது. அவர் பார்த்தது தன் நடிப்பை இல்லை. அந்தப் பக்கத்தைப் பேசிக் காட்ட ஒரு தடவை கூப்பிட வேண்டும்.

"பேச முடியாமப் போனது எதுனாலன்னும் எழுதுங்க."

'மேற்படி பக்கத்தைக் குழுவில் எழுத்து வேலை பார்க்கும் நபர் அச்சத்தின் காரணமாக நீக்கிவிட்டபடியால்' என்று எழுதினேன்.

"அச்சத்தின் காரணமாகன்னா?"

"பயந்து."

"பயந்துன்னே போடுங்க. நீக்கிவிட்டபடியால் வேண்டாம். உருவிட்டாருன்னு போடுங்க."

பின்னால் நின்ற ஓர் ஆள், "எம்மா, சீக்கிரம். அந்தால டோக்கன் முடிஞ்சிரும்" என்றார். கார்பனை எடுத்துவிட்டு வேறு தாளில் திரும்ப எழுதினேன். அவள் சொன்னபடியே. இருபத்து மூன்றாம் பக்கத்தையும் கூட வைத்து, ஒப்புகைச் சீட்டோடு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். பதில் வர என் விலாசத்தைக் கொடுக்கச் சொன்னாள். வீட்டுக்கு வந்தால் அண்ணன் பிரித்துவிடுவானாம்.

ஒப்புகைச் சீட்டு பத்து நாளில் வந்தது. பதில் வரவில்லை. ஆடி முழுக்க பூத்துக்குப் போகிற வழியில் இறங்கி, "வந்துட்டாண்ணே?" என்று கேட்பாள். நான் உதட்டைப் பிதுக்குவேன். ஆவணியில் மில்லுக்குப் போய்விட்டாள். மூன்று வருஷ ஒப்பந்தம், தங்குவது அங்கேயே ஹாஸ்டலில். போவதற்கு முந்தின நாள் வந்து, "வந்தா சொல்லி விடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

புரட்டாசியில் ஒரு புதன்கிழமை கடிதம் வந்தது. பேராசிரியரே கையால் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை வாசித்ததாகவும், ஓர் இடம் காலி ஆகியிருப்பதாகவும், வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து பேசிக் காட்ட வேண்டும் என்றும் இருந்தது. சனிக்கிழமைக்கு மேல் காத்திருக்க இயலாது என்று கீழே அடிக்கோடு.

வியாழக்கிழமை காலை மேசையை மடக்கி வைத்துவிட்டுக் கங்கைகொண்டானுக்குப் பஸ் ஏறினேன். மில் கேட்டில் வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சொந்தக்காரவுக ஞாயித்துக்கெழமதான் பாக்கலாம். நீரு யாரு அவளுக்கு?"

"அண்ணன் மாதிரி."

"அவ அண்ணன் இங்கன ஏ ஷிப்டுல பிட்டரு. எனக்குத் தெரியாதா? நீரு யாருவே?"

"மனு எழுதுதவன்."

"என்ன மனு?"

சொல்லப் பயமாக இருந்தது. நாடகம் என்றால் அண்ணன் காதுக்குப் போகும். மனு என்றால் மில் மேல் மனு என்று நினைத்துக்கொள்வார்கள். "ஒரு லெட்டர், அவகிட்ட குடுத்தாப் போதும்" என்றேன்.

"வார்டன்கிட்ட குடுப்பேன். அவுக பிரிச்சுப் பாத்துட்டுக் குடுப்பாவ. அதான் இங்கன முறை."

"சனிக்கிழமைக்குள்ள அவ கைக்குப் போயிரணும், ஐயா."

"போயிரும், போயிரும்."

கடிதத்தை வாங்கி நோட்டுக்கு அடியில் வைத்தார். நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, "சனிக்கிழமை" என்று இன்னொரு தடவை சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் திரும்பவும் போனேன். கேட்டில் வேறு ஆள்.

"லெட்டரா? எங்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலியே."

"நேத்து இருந்தவர்?"

"அவருக்கு இன்னைக்கு லீவு."

நோட்டைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். தூக்கிப் பார்த்தார். அடியில் ஒன்றும் இல்லை. கொடுத்திருப்பார் என்றார். கொடுத்திருக்கலாம் என்றார் பிறகு.

சங்கு ஊதியது. கேட்டுக் கம்பி வழியாகப் பார்த்தேன். ஹாஸ்டல் கட்டடத்திலிருந்து மில்லுக்கு ஐம்பது அறுபது பெண்கள் வரிசையாக நடந்து போனார்கள். எல்லாரும் ஒரே நிறத்தில் மேல்சட்டை, தூசிக்காக வாயையும் மூக்கையும் துணியால் கட்டியிருந்தார்கள். எது அவள் என்று தெரியவில்லை. பேரைச் சொல்லி உரக்க ஒரு தடவை கூப்பிட்டால் போதும், அவள் திரும்பியிருப்பாள். வாட்ச்மேன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் யார் அது என்று அவளை விசாரிப்பார்கள், அண்ணனுக்குச் சொல்லுவார்கள், அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றியது. வரிசை பாதி உள்ளே போய்விட்டது. இப்போது கூப்பிடலாம், இப்போது கூப்பிடலாம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசிப் பெண்ணும் உள்ளே போன பிறகு பெரிய கதவைச் சாத்தினார்கள்.